இன்டர்கூலரின் வெளிப்பக்கம்

சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்களுக்கும் அதன் பானெட்டில் திறந்திருக்கும் வாய் நினைவிருக்கும். 1992-ல் அந்தக் கார் வந்ததிலிருந்து, எஞ்சின் அந்த வாயால்தான் மூச்சு வாங்குகிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. எஞ்சினுக்குப் போகும் காற்று அங்கே நுழைவதே இல்லை. அது வேறு வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போகிறது. பானெட் விழுங்கும் காற்று, எஞ்சின் தலைமேல் படுக்கவைத்திருக்கும் இன்டர்கூலரின் ஃபின்களுக்கு நடுவே இறங்கி, சூட்டை வாங்கிக்கொண்டு, காருக்கு அடியில் வெளியேறிவிடும். சிலிண்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆக, ஓர் இன்டர்கூலரில் இரண்டு காற்றோட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் குறுக்கே கடந்து போகின்றன. உள்ளே ஓடுவது டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்று. வெளியே ஓடுவது தெருக் காற்று. நடுவில் இருப்பது மெல்லிய அலுமினியச் சுவர். கம்பெனியில் வந்ததைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று போட நினைப்பவர்கள் உள்ளே ஓடுவதைப் பற்றியே பேசுகிறார்கள்: எத்தனை குதிரைத்திறன் தாங்கும், குழாய் எத்தனை அங்குலம், கோர் எவ்வளவு தடிமன். விளம்பரங்களும் அதையே சொல்கின்றன. போட்ட காசு பலன் தருமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வெளியே ஓடும் காற்றுதான்.

முதலில் சூட்டின் கணக்கு. எந்தக் காற்றை அமுக்கினாலும் அது சூடாகும். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் சக்தியைக் கொண்டே காற்றை அமுக்கி உள்ளே ஊட்டலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த யோசனையோடு கூடவே பிறந்தது இந்தச் சூடு. வெளியே 35 டிகிரி செல்சியஸ், டர்போ 1 பார் பூஸ்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பி.எஸ்.ஐ. கணக்கில் 14.5. அதாவது மொத்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு. அமுக்கும் வேலையில் இழப்பே இல்லையென்றாலும் காற்று 100 டிகிரியைத் தாண்டிவிடும். நடைமுறையில் டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால், வெளியே வரும் காற்று சுமார் 131 டிகிரி.

அதை 54 டிகிரிக்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் அதே கொள்ளளவில் ஏறக்குறைய 23 சதவீதம் கூடுதல் காற்று அடங்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், இழுவையும் கூடும். அதைவிட முக்கியம், பெட்ரோல் எஞ்சினில் சூடான காற்று நாக்கிங்கைக் கூட்டிவரும். ஸ்பார்க் பிளக் தீ மூட்டிய பிறகு, அந்தத் தீ பரவி வருவதற்குள் மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடுவதுதான் நாக்கிங். இன்றைய எஞ்சின்களில் இசியூ என்னும் கட்டுப்பாட்டுக் கணினி அதைக் காதால் கேட்பதுபோல் சென்சாரால் கேட்டு, உடனே தீ மூட்டும் நேரத்தைத் தள்ளிப்போடும். டர்போ காரில் நல்ல வெயிலில் மூன்றாவது தடவை ஓவர்டேக் செய்யும்போது "பிக்கப் செத்துப்போச்சு" என்று சொல்கிறோமே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தத் தள்ளிப்போடல்தான்.

131-லிருந்து 54 என்றேனே, அதுதான் இன்டர்கூலரின் திறனை அளக்கும் முறை. காற்று இறங்கியது 77 டிகிரி. இறங்கியிருக்கக்கூடியது வெளிவெப்பம் வரை, அதாவது 96 டிகிரி. ஆகத் திறன் 80 சதவீதம். காற்றால் குளிரும் எந்த இன்டர்கூலரும் வெளிக்காற்றைவிடக் கீழே போகாது. சென்னையின் மே மாத மதியத்தில் அந்த அடித்தளமே 40-ஐ ஒட்டி நிற்கும். இன்னும் நல்லதாக, 90 சதவீதத் திறனுள்ள ஒன்றைப் போட்டால் காற்று 45 டிகிரிக்கு வரும். அடர்த்தியில் கிடைக்கும் லாபம் 3 சதவீதம். பழையது நல்ல நிலையில் வேலை செய்துகொண்டிருந்தால், புதியதிலிருந்து எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான். அதற்கு மேல் வாக்குறுதி தருகிறவர்கள், பழையது சூடேறித் திணறும் நிலையோடு புதியதை ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீடு பொய்யில்லை. ஆனால் உங்கள் கார் அந்த நிலைக்கு எத்தனை முறை போகிறது என்பது வேறு கேள்வி.

இப்போது வெளிப்பக்கம். 200 குதிரைத்திறன் தரும் பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் விநாடிக்குச் சுமார் 150 கிராம் காற்றை உள்ளிழுக்கும். அதை 77 டிகிரி இறக்க, விநாடிதோறும் ஏறக்குறைய 11.6 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதாவது 11.6 கிலோவாட். வீட்டுக் குளியலறையில் மாட்டியிருக்கும் 2 கிலோவாட் கீசர் ஆறு ஒரே நேரத்தில் ஓடினால் வரும் சூடு. இவ்வளவையும் தெருக் காற்று தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பம்பருக்குப் பின்னால் 55 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரமுள்ள கோர். கிரில், பின்னால் நிற்கும் ரேடியேட்டர் எல்லாம் வழிமறிப்பதால் காரின் வேகத்தில் கால் பங்கு வேகத்தில்தான் காற்று ஃபின்களுக்குள் புகுகிறது என்று வைப்போம். அப்படியும் விநாடிக்குச் சுமார் 900 கிராம். உள்ளே ஓடுவதைப்போல் ஆறு மடங்கு. 11.6 கிலோவாட்டை வாங்கிக்கொண்ட அந்தக் காற்று 13 டிகிரி சூடாகிப் பின்னால் வெளியே வரும். 35 டிகிரிக் காற்றை எதிர்பார்த்து நின்ற ரேடியேட்டருக்கு 48 டிகிரிக் காற்று கிடைக்கிறது. ஏ.சி. கண்டென்சரும் அதே வரிசையில்தான் நிற்கிறது. பெரிய முன்பக்க இன்டர்கூலர் போட்ட பிறகு மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் உயர்கிறது என்று புலம்புகிறவர்கள் ரேடியேட்டர் தொப்பியைத் திறந்து பார்ப்பதால் ஒன்றும் கிடைக்காது.

இந்த 900 கிராம் தானாக வந்துவிடாது. காற்று எளிய வழியைத் தேடும். கோருக்கும் பம்பருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும், ஃபின்களுக்குள் முண்டியடித்துப் போவதை விட்டுச் சுற்றிக்கொண்டு போய்விடும். சுபாருவில் பானெட்டின் உள்பக்கம் இன்டர்கூலரைச் சுற்றி ஒரு ரப்பர் விளிம்பு அழுந்தி உட்காரும். அது கிழிந்தால் பானெட் வாய் வெறும் அலங்காரம். முன்பக்கம் வைப்பவர்கள் அலுமினியத் தகடும் ஸ்பாஞ்சுப் பட்டையும் கொண்டு பம்பர் திறப்பிலிருந்து கோர் வரை ஒரு பெட்டி போலக் கட்டிவிட வேண்டும். விலை குறைவு, வேலை அதிகம், படத்தில் தெரியாது. அதனால்தானோ என்னவோ பலர் செய்வதில்லை. என்னைக் கேட்டால், புதிய இன்டர்கூலர் வாங்குமுன் இருப்பதற்கே இந்த அடைப்பைச் செய்து பார்க்க வேண்டும்.

வெளிக்காற்றுக்காகக் காரின் உருவத்தையே மாற்றியவர்கள் உண்டு. 1975-ல் வந்த போர்ஷே 911 டர்போவில் இன்டர்கூலர் கிடையாது. 1978-ல் எஞ்சினை 3.3 லிட்டராக்கி இன்டர்கூலரையும் சேர்த்தபோது, அதைப் பின்பக்க எஞ்சினின் மேலே வைக்க இடம் தேடினார்கள். பின்சிறகின் வடிவத்தை மாற்றி, அதனடியில் உட்காரவைத்து, அந்தச் சிறகின் கம்பி வலை வழியே காற்று வாங்க வைத்தார்கள். தேநீர்த் தட்டு என்று செல்லப்பெயர் வாங்கிய அந்தச் சிறகு அழகுக்காக மட்டும் வந்ததல்ல.

இதற்கும் முன்னால் விமானக்காரர்கள் பட்டுவிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் பறந்த லாக்ஹீட் பி-38 லைட்னிங் விமானத்தில் டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை இறக்கையின் முன்விளிம்புக்குள் ஓடவிட்டுக் குளிரவைத்தார்கள். எடையும் மிச்சம், காற்றுத் தடையும் மிச்சம் என்று கச்சிதமான யோசனை. எஞ்சினின் சக்தி ஏற ஏற அந்த முன்விளிம்பின் பரப்பளவு போதவில்லை. இறக்கையை நீட்ட முடியுமா? 1943-ல் வந்த பி-38ஜே மாடலில் அதை விட்டுவிட்டு, எஞ்சினுக்குக் கீழே தாடை போல ஒரு திறப்பு வைத்து, அதில் தனிக் கோரைப் பொருத்தினார்கள். அதே அலிசன் எஞ்சின் இன்னும் அதிகச் சக்தி கொடுத்தது. முன்விளிம்பில் காலியான இடத்துக்கு எரிபொருள் தொட்டி வந்தது. ஆனால் ஐரோப்பாவின் குளிரில், மிக உயரத்தில், காற்று தேவைக்கு மேல் குளிர்ந்து வேறு தொல்லை தொடங்கியது. அளவுக்கு மிஞ்சிக் குளிர்விப்பதும் ஒரு கோளாறுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உள்பக்கத்தில் கவனிக்க வேண்டியது முக்கியமாக ஒன்றே: அழுத்த இழப்பு. குழாய்களுக்குள் காற்று உரசிப் போகும்போது டர்போ கொடுத்த அழுத்தத்தில் கொஞ்சம் கரையும். 2 பார் மொத்த அழுத்தத்தில் 0.1 பார் கரைந்தால் 5 சதவீதம் போய்விட்டது. 10 டிகிரி கூடுதலாகக் குளிரவைத்துச் சம்பாதித்தது 3 சதவீதம். வரவைவிடச் செலவு அதிகம். புதிய கார்களில் இசியூ இன்டர்கூலருக்கு அப்பால் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளப்பதால் இந்த இழப்பு நேரடியாகத் தெரியாது. 2 பார் வேண்டும் என்றால் டர்போவை 2.1 பார் வரை விரட்டும். அப்போது டர்போவிலிருந்து வரும் காற்றே 7, 8 டிகிரி கூடுதல் சூட்டோடு வரும். டர்போ சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும், புகை வழியில் நெருக்கடியும் கூடும். காற்றின் அளவு ஒன்றரை மடங்கானால் இழப்பு ஏறக்குறைய இரண்டேகால் மடங்காகும். அதனால், எஞ்சினை ரீமேப் செய்து சக்தியைப் பெரிதாக ஏற்றியவர்களுக்குப் பழைய இன்டர்கூலர் உள்பக்கமாகவும் தொண்டையைப் பிடிக்கும். அவர்கள் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. ரீமேப் எதுவும் செய்யாமல் அலுவலகத்துக்குப் போய்வரும் காருக்கு நியாயம் கிடையாது என்பது என் கருத்து.

குழாய் நீளத்தால் டர்போ லேக், அதாவது மிதித்ததற்கும் பூஸ்ட் வருவதற்கும் நடுவிலுள்ள தாமதம், கூடும் என்று பயமுறுத்துவார்கள். 10 லிட்டர் கூடுதல் கொள்ளளவை 1 பார் நிரப்ப 12 கிராம் காற்று போதும். விநாடிக்கு 80 கிராம் காற்று ஓடும் எஞ்சினில் அது ஏழில் ஒரு விநாடி. அதைக் காலில் உணரக்கூடியவர் ரேஸ் ஓட்டப் போகலாம்.

கடைக்காரர் மேஜைமேல் ஒரு கோரை வைத்தால் என்ன பார்ப்பது? தூக்கிப் பாருங்கள். இரண்டு சாதிகள் உண்டு. தட்டையான மெல்லிய குழாய்களுக்கு நடுவே நெளிநெளியான ஃபின்கள் வைத்துச் செய்தது ஒன்று. விளிம்பில் கட்டங்கட்டமாக அலுமினியச் சட்டங்கள் தெரிய, தகடுகளை அடுக்கி உலையில் ஒட்டியது மற்றொன்று. கடைகளில் டியூப் ஃபின், பார் பிளேட் என்பார்கள். முதல் வகை எடை குறைவு, வெளிக்காற்றை எளிதாக உள்ளே விடும். இரண்டாவது கனமானது, உறுதியானது, நிறையச் சூட்டைத் தன் உடம்பிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும். சந்தையில் பார் பிளேட்டுக்குத்தான் மவுசு. கனமாக இருந்தால் தரமானது என்ற நம்பிக்கை.

அடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஃபின்களின் நடுவே பாருங்கள். மறுபக்கம் தெரிய வேண்டும். அடர்த்தியாக அடைத்துக்கொண்டிருந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் நன்றாகக் குளிர்விக்கலாம். ஊருக்குள் ஊர்ந்து போகும்போது காற்று உள்ளே புகாது. தடிமனைக் கண்டு மயங்க வேண்டாம். 9 சென்டிமீட்டர்த் தடிமனில் கடைசி 3 சென்டிமீட்டருக்கு வரும் காற்று, முன்பகுதியின் சூட்டை ஏற்கெனவே வாங்கிக்கொண்டு வந்த காற்று. அதே உலோகத்தை அகலத்திலும் உயரத்திலும் விரித்துப்போட்டால் எல்லா இடத்துக்கும் புதுக்காற்று கிடைக்கும். பிறகு ஒரு டார்ச்சை எடுத்து, குழாய் மாட்டும் வாயின் உள்ளே அடியுங்கள். இரண்டு முனைகளிலும் இருக்கும் தொட்டி, காற்றைக் கோரின் எல்லாக் குழாய்களுக்கும் பிரித்துக்கொடுக்க வேண்டும். சதுரப் பெட்டியாக, குழாய் நேரே ஒரு மூலையில் போய் முட்டுவதாக இருந்தால், அந்த மூலையில் உள்ள நாலைந்து குழாய்களே பெரும்பங்கை வாங்கும். மற்றவை சும்மா நிற்கும். உள்ளே வெல்டிங் பிசிறு தொங்கினால் வாங்காதீர்கள். அது ஒருநாள் விடுபட்டு எஞ்சினுக்குள் போகும்.

கனத்தின் கதை சுவாரசியமானது. ஒரு கிலோ அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 0.9 கிலோஜூல் போதும். 6 கிலோ கோர், 30 டிகிரி சூடேறும்வரை சுமார் 160 கிலோஜூல் வாங்கும். நம்முடைய 11.6 கிலோவாட் கணக்கில் அது 14 விநாடி. கால் மைல் டிராக் ரேஸ் ஓடும் நல்ல காருக்கு அது ஏறக்குறைய முழு ஓட்டம். அதை ஓட்டுகிறவருக்கு வெளிக்காற்றைப் பற்றிக் கவலையே இல்லை, உலோகம் வாங்கிக்கொள்ளும். கொல்லிமலைக்கு எழுபது வளைவு ஏறுகிறவருக்கு அந்த 14 விநாடி முதல் சில வளைவுகளிலேயே தீர்ந்துவிடும். அதன் பிறகு ஃபின்களுக்குள் ஓடும் காற்று எவ்வளவோ அவ்வளவுதான் குளிர்ச்சி. சிக்னலில் நிற்கும்போது எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் சுபாரு வகை இன்டர்கூலர் அடியிலிருந்து வரும் சூட்டை வாங்கி நிரப்பிக்கொள்ளும். பச்சை விழுந்ததும் முதல் சில விநாடி அது காற்றைக் குளிர்விக்கிறதா சூடாக்குகிறதா என்றே சந்தேகம் வரும். அதற்காகத்தான் சுபாருவின் எஸ்.டி.ஐ. மாடல்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் இன்டர்கூலர்மேல் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு வைத்தார்கள். 100 மில்லி தண்ணீர் முழுதும் ஆவியானால் சுமார் 240 கிலோஜூலைத் தூக்கிப்போகும், 20 விநாடிக்கான சூடு.

தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் இன்னொரு குடும்பம். டர்போக் காற்றின் சூட்டைத் தண்ணீர் வாங்கி, முன்னால் இருக்கும் சிறிய ரேடியேட்டரில் போய் விடும். 5 லிட்டர் தண்ணீர் 30 டிகிரி ஏற 600 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். அந்தச் சேமிப்பு நம் கணக்கில் ஒரு நிமிடத்துக்குச் சற்றே குறைவாக வரும். டிராக் ரேஸ்காரர்கள் தொட்டியில் ஐஸ் கொட்டுவதும் இதனால்தான், அப்போது மட்டும் வெளிவெப்பத்துக்கும் கீழே போகலாம். ஆனால் கடைசியில் அந்தச் சூடும் ரேடியேட்டர் வழியே தெருக் காற்றிடம்தான் போய்ச்சேர வேண்டும். இந்தியாவில் விற்ற போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யின் 1.2 லிட்டர் எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இந்த வகை இருந்தது. அதை வைத்திருப்பவர் முன்பக்கம் காற்றுக் கோர் ஒன்றை மாட்டுவது என்றால் மேனிஃபோல்டு வரை கைவைக்க வேண்டியிருக்கும்.

அளவுக்கு மிஞ்சிய குளிர்ச்சி என்றேன். காற்றில் ஈரம் இருக்கிறது. அமுக்கும்போது அந்த ஈரத்தின் அழுத்தமும் சேர்ந்தே ஏறுவதால் பனிபடியும் வெப்பநிலை மேலே போகும். 20 டிகிரியில் மூடுபனி, பூஸ்ட் அரை பார் என்றால், சுமார் 27 டிகிரிக்குக் கீழே இறங்கும் காற்று தண்ணீரைக் கக்கத் தொடங்கும். பெரிய இன்டர்கூலரோடு, குளிர்ந்த மழைநாளில், நெடுஞ்சாலையில் மெதுவாக நீண்ட தூரம் போனால் அடித்தொட்டியில் தண்ணீர் தேங்கும். ஓவர்டேக் செய்ய மிதித்ததும் அந்தத் தண்ணீர் மொத்தமாக எஞ்சினுக்குள் போய் மிஸ்ஃபயர் ஆகும். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில், கம்பெனி இன்டர்கூலரிலேயே இந்தத் தொல்லை வந்து, 2013-ல் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை வரை போனது.

ஆக, வாங்குமுன் அளக்க வேண்டும். ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் கருவியைச் செருகி, போனில் இன்டேக் வெப்பநிலையைப் பதிவு செய்யலாம். ஓர் எச்சரிக்கை: 2000-களின் டபிள்யூ.ஆர்.எக்ஸ். போன்ற கார்களில் அந்தச் சென்சார் ஏர் ஃபில்டரை ஒட்டி, டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அது காட்டுவது இன்டர்கூலரைப் பற்றிய செய்தியே அல்ல. அப்படியானால் இன்டர்கூலருக்கு அப்பால் தனிச் சென்சார் ஒன்று வைக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. போன்றவற்றில் சென்சார் மேனிஃபோல்டில் இருப்பதால் நேரடியாகப் படிக்கலாம். வேறு வண்டி இல்லாத, அனுமதிக்கப்பட்ட சாலையாகப் பார்த்து, அல்லது ரேஸ் டிராக்கில், ஒரே கியரில் ஒரே வேகத்திலிருந்து மூன்று நான்கு முறை முழுதாக மிதித்துப் பாருங்கள். முதல் தடவை எண் எவ்வளவு என்பது முக்கியமில்லை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஏறுகிறது, நடுவில் ஓட்டிவரும்போது எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று பாருங்கள். ஏறியது இறங்கவே இல்லையென்றால் வெளிக்காற்று போதவில்லை: அடைப்பையும் திறப்பையும் கவனியுங்கள், அப்புறம் கோரின் முகப்பு. நிதானமாக ஏறி, வேகமாக இறங்குகிறது, வெளிவெப்பத்தைவிட 15, 20 டிகிரிக்குள்ளேயே நிற்கிறது என்றால் காசைப் பர்ஸில் வையுங்கள்.

மாற்றிவிட்டீர்கள் என்றால், கிளாம்ப் எல்லாம் இறுக்கியதும் புகை வைத்தோ, காற்றழுத்தம் கொடுத்து சோப்புத் தண்ணீர் தெளித்தோ கசிவைச் சோதியுங்கள். ஏர் மீட்டர் டர்போவுக்கு முன்னால் இருக்கும் காரில், கசியும் காற்றையும் எண்ணியே இசியூ பெட்ரோல் ஊற்றும். கறுப்புப் புகையும் எரிபொருள் வீணும் அதன் அடையாளம். பிறகு அதே சாலையில், அதே வெயிலில், அதே கியரில் மறுபடி பதிவு செய்யுங்கள். வெப்பநிலையோடு வேஸ்ட்கேட் டியூட்டியையும், அதாவது பூஸ்ட்டுக்காக இசியூ டர்போவை எவ்வளவு விரட்டுகிறது என்று காட்டும் எண்ணையும், எடுத்துக்கொள்ளுங்கள். அதே பூஸ்ட்டுக்கு அந்த எண் குறைந்திருந்தால் புதிய கோர் காற்றைச் சுலபமாக விடுகிறது. கூடியிருந்தால், வெப்பம் எவ்வளவு இறங்கியிருந்தாலும், டர்போ முன்பைவிடக் கூடுதலாக உழைக்கிறது.